இரண்டு மணிக்குக் கதவடைக்கும் பீடோங் சாப்பாட்டுக் கடை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் டவுனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தக் கடை நல்லது என்று கேட்டால் என் பதில் இதுதான்: மோட்டார் பட்டறைக்குப் பின்னால், அங்சானா மரத்தடியில் இருக்கும் கடை. ஆனால் ஒன்றரை மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இரண்டு அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டு ஐந்துக்குப் போய்க் கெஞ்சினாலும் நடக்காது. நான் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. கடை நடத்தும் தங்கச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "கூட்டம் வந்தா பெரிய சட்டி வைக்கணும் டிரசர் ஐயா. அது எனக்கு வேணாம்" என்றார். பீடோங்கில் இருப்பவர்களுக்கு இவ்வளவு அடையாளம் போதும். வெளியூர்க்காரர்கள் மரத்தைத் தேடுங்கள்.

டிரசர் ஐயா என்பது நான்தான். கெடாவில் தோட்டம் தோட்டமாக மாறி மாறி மருந்துக் கொட்டகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காகிதத்தில் எங்களுக்கு மருத்துவ உதவியாளர் என்று பெயர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், டிரசர் என்றால்தான் தெரியும். கத்தி கிழித்த கை, பாம்புக் கடி, பிள்ளைப்பேறு, சம்பளத்தன்று ராத்திரி உடைந்த மண்டை எல்லாம் எங்களிடம்தான் வரும். வெயில் காலத்தில் அதோடு வாந்தி பேதியும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனால் நான் பார்ப்பது மற்றவர்கள் பார்ப்பதிலிருந்து கொஞ்சம் வேறுபடும். வீட்டில் இதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே வந்தீர்கள்.

வாழை இலைதான். சைவச் சாப்பாடு 8 வெள்ளி (ரிங்கிட்), கோழி சேர்த்தால் 11, மீன் 12. ஆட்டிறைச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும், 16 வெள்ளி. செவ்வாயும் வெள்ளியும் சைவம் மட்டுமே. இலையில் மூன்று காய்: ஒரு கீரை, ஒரு பொரியல், ஒரு கூட்டு. பாகற்காய் கிடைக்கும் நாள் அதிர்ஷ்டம். மெல்லிசாக வட்டம் வட்டமாக வெட்டி, மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுப் பொரிக்கிறார்கள், கசப்பு நாக்கில் நிற்காது.

மீன் குழம்புக்காகவே நான் இந்தக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லலாம். கெம்போங் மீன், மாங்காய்த் துண்டு, வெண்டைக்காய், புளி. தேங்காய்ப் பால் கிடையாது. தோட்டத்தில் என் அம்மா வைத்த குழம்பு இப்படித்தான் இருக்கும். பால் ஊற்றிய குழம்பு கல்யாண வீட்டில்தான் கிடைத்தது. மீன் உடையாமல், முள்ளிலிருந்து கழன்று வரும் பதத்தில் இருக்கிறது. பழைய மீனில் அந்தப் பதம் வராது, மாவாகிவிடும். கோழிப் பிரட்டலில் பெருஞ்சீரகம் தூக்கலாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது. சாம்பார் சுமார். தண்ணியாக ஓடுகிறது, இலையைத் தாண்டி மேசைக்கு வந்துவிடுகிறது. ரசத்தில் மிளகு அளவு மீறிப் போகும், இருமல் வரும். தயிர் கடையில் வாங்கியது, சொல்ல ஒன்றுமில்லை. வியாழக்கிழமை கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு உண்டு. அது பன்னிரண்டரைக்கே தீர்ந்துவிடும், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்கள் மோட்டாரில் வந்து வழித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சரி, இப்போது நான் உண்மையிலேயே எழுத வந்த விஷயம்.

பரிமாறும் இடத்தில் சட்டிகளின் விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டியிருக்கும், அதில் மார்க்கர் பேனாவால் ஒரு நேரம் எழுதியிருக்கும். 11.20. 12.05. 12.50. அடுப்பிலிருந்து இறக்கிய நேரம் அது. சட்டிகள் சின்னவை, இருபது முப்பது பேருக்கு மேல் வராது. ஒரு சட்டி காலியானால் அடுத்த சட்டி சமையலறையிலிருந்து வருகிறது. பழைய சட்டியில் மிச்சம் இருக்கும்போது அதன் மேல் புதுக் குழம்பை ஊற்றுவதில்லை. இந்தக் கடைசிப் பழக்கத்தை நான் பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் வேறு எங்கும் பார்க்கவில்லை. மற்ற இடங்களில் காலையில் வைத்த குழம்பின் அடிமிச்சம் சாயங்காலம் வரை புதுக் குழம்போடு குடித்தனம் நடத்துகிறது.

இறக்கி இரண்டு மணி நேரம் ஆனால் அந்தச் சட்டி உள்ளே போய்விடும். வேலை செய்பவர்கள் சாப்பிட்டது போக மீதி கழிவு வாளிக்கு. "மனசு கேக்குதாம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "கேக்கலதான் ஐயா. அதுக்குத்தான் சின்னச் சட்டி" என்றார். வெயில் குறைந்த மற்றக் காலத்திலும் இரண்டு மணி நேரம்தானா என்றதற்கு, "கெடாவுல மற்றக் காலம்னு ஒண்ணு இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

இருக்கிறது, ஆனால் மாசி பங்குனி தனிதான். கித்தா (ரப்பர்) மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். புல் காய்ந்து யாராவது நெருப்பு வைப்பார்கள், ஜெராய் மலை புகையில் பாதி மறைந்துபோகும். ஓரிடத்தில் மூன்று நாள் தொடர்ந்து வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கும். அந்தப் பட்டியலில் நம் வட மாநிலங்கள் அடிக்கடி இருக்கும். நாட்டில் பதிவான உச்ச வெப்பமும் பக்கத்து மாநிலத்தில்தான்: பெர்லிஸ், சூப்பிங், 1998 ஏப்ரல் 9, 40.1 டிகிரி. இதெல்லாம் வெளியே நிழலில் அளப்பது. தகரக் கூரைக்குக் கீழே நாலு அடுப்பு எரியும் சமையலறையில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பத்துக்கும் நச்சுணவுக்கும் உள்ள தொடர்பு இதுதான்: கிருமி பெருகுவதற்கு 5 டிகிரி முதல் 60 டிகிரி வரை வசதியான இடம். அதிலும் நம் உடம்புச் சூட்டை ஒட்டிய 37 டிகிரியில் பல கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நல்ல சாப்பாடு, நல்ல சூடு, ஈரம் மூன்றும் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டு. நாலு மணி நேரத்தில் 4,096. ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். குளிர் அறையில் இருக்கும் சாப்பாட்டுக்கும் வெயிலில் இருக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பெருக்கலின் வேகம்தான். அதனால்தான் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்கர்களின் கணக்கு. நம் சுகாதார அமைச்சு சமைத்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது. இந்தத் தங்கச்சி நடுவில் இருக்கும் இரண்டை எடுத்துக்கொண்டார். பங்குனி வெயிலில் அதுவே கொஞ்சம் தாராளம் என்பது என் கருத்து, ஆனால் நாலு மணி நேரத்தையே மதிக்காத ஊரில் நான் வாயைத் திறக்கவில்லை.

ஐரோப்பாவில் பத்து நாடுகளின் கணக்கை வைத்து 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. வாரச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சால்மொனெல்லா நோய் 5 முதல் 10 விழுக்காடு வரை கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஊரில் ஏற்றம் 6 டிகிரியிலிருந்தே தொடங்குகிறது. 6 டிகிரி! நமக்கு அது ஐஸ்பெட்டிக்குள் இருக்கும் சூடு. அவர்களுக்குக் கோடை என்று ஒரு காலம் உண்டு, வந்தால் பயப்படுவார்கள். நாம் பிறந்ததிலிருந்து கோடையில் இருப்பதால் உடம்பு பழகிவிட்டது என்று நினைக்கிறோம். உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கலாம், குழம்பு பழகவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் வெயில் காலத்தில் முனியாண்டிக்குப் பூசை. கிடா வெட்டி, விடியற்காலையிலேயே பெரிய அண்டாவில் கறி வைத்துவிடுவார்கள். பூசை முடிந்து பந்தி போடப் பகல் ஆகும். பந்தி முடிந்தும் அண்டாவில் இருக்கும். வாளியில் வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரியும் அதுவே. மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஆள் வராது. மருந்துக் கொட்டகை வாசலில்தான் நிற்பார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. காய்ச்சல் இருக்காது, வாந்தியும் அதிகம் இருக்காது, வயிற்று முறுக்கும் பேதியும்தான். அம்மை பார்த்த வீட்டுக்காரர் தீட்டோடு வந்துவிட்டார், அதுதான் காரணம் என்று பூசாரி சொல்வார்.

காரணம் அண்டா. இறைச்சியில் இருக்கும் ஒரு வகைக் கிருமி, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று பெயர், கொதிக்கும்போது விதை மாதிரி சுருண்டு உயிரோடு கிடக்கும். அவ்வளவு பெரிய அண்டா, அந்த வெயிலில், சீக்கிரம் ஆறாது. 45 டிகிரி பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்கும். அந்தச் சூட்டில் இந்தக் கிருமி பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகிவிடும், மற்றக் கிருமியையெல்லாம் ஓட்டத்தில் முந்திவிடும். சாப்பிட்டு ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வேலையைக் காட்டும். அண்டாவை நாலு சின்னச் சட்டியாகப் பிரித்து, இரண்டு தடவையாகச் சமைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இதைச் சொன்னதற்குக் கோயில் கமிட்டியில் என்னை நாத்திகன் என்றார்கள்.

எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியா? உணவிலேயே நஞ்சு தயாராக இருந்தது என்று அர்த்தம். ஒன்று, சமைத்தவர் கையில் புண்ணோ, மூக்கைத் தொட்ட விரலோ சாப்பாட்டில் பட்டு, அங்கிருந்து வந்த ஸ்டாஃபிலோகாக்கஸ். இல்லையென்றால் சோறு. அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதை எப்போதும் இருக்கும், வேகவைத்தால் சாகாது, வெந்த சோறு வெளியே கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கும். இந்த இரண்டு நஞ்சுக்கும் ஒரு கெட்ட குணம்: திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. கிருமி செத்துவிடும், நஞ்சு இருக்கும். மத்தியானச் சோற்றை ராத்திரி நன்றாக வறுத்து நாசி கோரெங் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கும் வீடுகள் எத்தனை! காய்ச்சலோடு பேதி, பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்தால் கோழி, முட்டைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் சால்மொனெல்லா.

சால்மொனெல்லாவை யாரும் சாதாரணமாக எடுக்க வேண்டாம். 2013-ல் நம் கெடாவிலேயே ஒரு கல்யாண விருந்தில் ஆயாம் மாசாக் மேரா என்ற மலாய்க் கோழிக் கறி சாப்பிட்டு நான்கு பேர் செத்துப்போனார்கள். 2018-ல் இதே கெடாவின் பாலிங்கில் லக்சா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ், அதிலும் உயிர் போனது. இரண்டிலும் இதே கிருமிதான். நச்சுணவு என்பது 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். நான் போன் போடும்போதெல்லாம் தோட்டத்துத் துரைக்கு முகம் மாறும்.

மறுபடியும் கடைக்கு வருவோம்.

சோறு மின்சாரக் குக்கரில், மூன்று தனித்தனிக் குக்கர். ஒன்று பரிமாற, ஒன்று வெந்துகொண்டு, ஒன்று கழுவிக் காய. மீன் ஐஸ் தொட்டியில். தொட்டியின் அடி அடைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், உருகிய தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது. உருகிய தண்ணீரில் மீன் மிதப்பது எனக்குப் பிடிக்காத காட்சி. காலைப் பசியாறலுக்கு வைக்கும் தேங்காய்ச் சட்டினிக் கிண்ணம் பெரிய பேசின் ஐசில் உட்கார்ந்திருக்கிறது. தேங்காய்ப் பால் சேர்க்கும் கூட்டை முதல் சட்டியில் வைப்பதில்லை, பன்னிரண்டு மணிக்கு மேல்தான். புளிக்குழம்பு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், புளிப்புள்ள இடத்தில் கிருமிக்கு வசதி குறைவு. பால் ஊற்றியது அப்படி இல்லை. கோழி வெட்டுவது பின்கட்டில், தனிப் பலகை, தனிக் கத்தி. காசு வாங்கும் பெண் இலையைத் தொடுவதில்லை. சுவரில் நகராண்மைக் கழகத்தின் 'ஏ' கிரேடு சான்றிதழ் இருக்கிறது. வேலை செய்பவர்கள் எல்லாரும் உணவு கையாள்வோர் பயிற்சிக்குப் போய், மூன்று வருடத்துக்கு ஒரு முறை டைபாய்டு ஊசியும் போட்டிருக்கிறார்கள். சட்டப்படி எல்லாக் கடையிலும் இருக்க வேண்டியதுதான் இது, புகழ வேண்டியதில்லை. ஆனால் ஊசி அட்டையைக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டிய கடை இது.

ஆன்லைனில் வாங்கிய ஊசி மாதிரி வெப்பமானி ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அனுமதி கேட்டுவிட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் குத்திப் பார்த்தேன். சாம்பார் 71, கோழிப் பிரட்டல் 63, மீன் குழம்பு 66. சூடாக வைக்கும் உணவு 60-க்கு மேல் இருக்க வேண்டும், எல்லாம் பாஸ். முட்டைக்கோஸ் பொரியல் 41 காட்டியது. அது நல்ல எண் இல்லை. டேப்பைப் பார்த்தேன், இறக்கி முப்பத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பொரியலை எந்தக் கடையிலும் 60-ல் வைத்திருக்க முடியாது, காய்ந்து சருகாகிவிடும். அதற்குத்தான் அந்த இரண்டு மணி நேரக் கணக்கு.

பெருவழிச் சாலையோரத்தில் இன்னொரு பெரிய கடை இருக்கிறது. பெயர் வேண்டாம். குளிர்சாதனம், கண்ணாடிப் பெட்டி, பளபளவென்று தரை, முப்பது வகைக் கறி. காலை பத்து மணிக்கே எல்லாவற்றையும் அடுக்கிவிடுகிறார்கள், சாயங்காலம் ஐந்து வரை ஓடுகிறது. கீழே சுடுநீர்த் தொட்டி உண்டு, கையை வைத்தால் குளிக்கலாம் போல இதமாக இருக்கிறது. அந்த இதம்தான் கிருமிக்கும் வேண்டியது. நாலு மணிக்கு அங்கே இறால் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உட்கார முடியவில்லை. தரை பளபளப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மரத்தடிக் கடையின் தரை பழைய சிமெண்டு, வெடிப்பு விட்டது, ஆனாலும் நான் அங்கேதான் சாப்பிடுவேன்.

"மோந்து பாத்தா தெரியாதா?" என்று பக்கத்து மேசையில் ஒருவர் என்னோடு வாதம் பண்ணினார். பார், முகர், சுவை என்று அமைச்சே சுவரொட்டி ஒட்டியிருக்கிறது, அது ஒரு தடுப்புதான். ஊசிப்போன சாப்பாட்டை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் சாப்பாட்டை ஊசவைக்கும் கிருமி வேறு, ஆளைப் படுக்கவைக்கும் கிருமி வேறு. பாலிங் லக்சா நாறியிருந்தால் யார் சாப்பிட்டிருப்பார்கள்? அதே மனிதர் அடுத்துப் பழைய சோற்றை இழுத்தார்: எங்கள் தாத்தா பழைய சோறு தின்றே தொண்ணூறு வரை இருந்தார். இருந்திருப்பார். பழைய சோறு தண்ணீரில் ஊறிப் புளித்தது, அந்தப் புளிப்பு அதற்குக் காவல். நீங்கள் சொல்வது குழம்பு ஊற்றிப் பிசைந்து மேசையில் மூடி வைத்த சோறு. இரண்டும் ஒரே சோறா, ஐயா? அவர் ரசம் கேட்டுத் திரும்பிக்கொண்டார்.

கடையில் குறை இல்லையா? இருக்கிறது. தகரக் கூரை, நாலு காற்றாடி. காற்றாடி வெந்த காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. பன்னிரண்டரைக்குப் போனால் கால் மணி நேரம் நிற்க வேண்டும். காடி நிறுத்த இடமில்லை, பட்டறைக்காரர் சத்தம் போடுவார். வயதானவர்கள் பதினொன்றரைக்கே போய்விடுவது நல்லது.

பெரிய குறை தர்பூசணி. காலையிலேயே வெட்டி, தட்டில் அடுக்கி, காசு மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். மேலே வலைமூடி இருக்கிறது, ஈ உட்காராது, அவ்வளவுதான். வெட்டாத தர்பூசணி எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். கத்தி பட்டதும் தோலில் இருந்தது உள்ளே போய்விடும். அன்னாசி மாதிரி அதில் புளிப்பும் இல்லை, கிருமி சுகமாக வளரும். குழம்புக்கு டேப் ஒட்டுபவர் பழத்துக்கு ஏன் ஒட்டுவதில்லை என்று கேட்டேன். "பழத்துக்குமா ஐயா?" என்று சிரித்தார். சம்பால் முட்டையும் இதே மாதிரி வெளியே கிடந்தது, சொன்ன பிறகு அதற்கு டேப் வந்துவிட்டது. தர்பூசணி இன்னும் அங்கேதான். நான் எடுப்பதில்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.

வெயில் இன்னொரு வழியிலும் வரும், அதையும் கவனித்தேன்: தண்ணீர். வறட்சியில் குழாய்த் தண்ணீர் நின்றால் முதலில் அடிபடுவது கை கழுவுவது. ஒரு வாளித் தண்ணீரில் கடை முழுவதும் கை அலம்பும். தண்ணீர் நின்ற ஒரு நாள் இந்தக் கடைக்குப் போனேன். கதவில் அட்டை தொங்கியது, தண்ணீர் இல்லை, கடை இல்லை. பக்கத்துக் கடைகளெல்லாம் திறந்திருந்தன. எனக்குப் பசி, கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் ரொட்டியும் மத்தி டின்னும் சாப்பிட்டேன்.

பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள், ஆனால் கேள்வி கேட்பார்கள். எங்கே போகிறீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள்? செம்பனை ஆலையில் மாலை ஷிப்டு போகும் ஒரு தம்பி ஐந்து மணிக்குச் சாப்பிடப் பொட்டலம் கேட்டான். கொடுக்கவில்லை. வெயிலில் நிற்கும் மோட்டாரின் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் கிடக்கப்போகும் சோறு அது. அந்தத் தம்பிக்கு என்ன வழி என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. ஆலைப் பக்கத்தில் அந்த நேரத்துக்கு வேறு நல்ல கடையும் கிடையாது. இரண்டு மணிக் கட்டுப்பாடு என்னை மாதிரி ஓய்வு பெற்றவனுக்குச் சுலபம், ஷிப்டு ஆட்களுக்குச் சுமை. அவன் முணுமுணுத்துக்கொண்டு போனது நியாயம்தான். மற்றவர்களுக்குக் கட்டிக் கொடுக்கும்போது காகிதத்தின் மேல் நேரம் எழுதிவிடுகிறார்கள், குழம்பைத் தனியாக, சோற்றைத் தனியாக.

ஒரு வேளை எங்கேயாவது சாப்பிட்டு வாந்தி பேதி வந்துவிட்டால், இது டிரசர் பேச்சு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டி தலைதட்டி. கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இந்த வெயிலில் வியர்வையிலும் தண்ணீர் போகும், பேதியிலும் போகும். ரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் ஏறினாலோ, குடித்தது நிற்கவில்லை என்றாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, சீனி வியாதிக்காரர் என்றால் இன்னும் சீக்கிரம்.

கடைசியாக ஒன்று. வருகிற பங்குனி உத்திரத்துக்கு எங்கள் கோயில் அன்னதானத்தைச் சமைத்துத் தர முடியுமா என்று இந்தத் தங்கச்சியிடம் கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை, நிபந்தனை போட்டார். கடையில் சமைத்து லோரியில் ஏற்றி வரமாட்டார், கோயிலிலேயே அடுப்பு வைக்க வேண்டும். ஒரே அண்டா கிடையாது, மூன்று தடவையாகச் சமைப்பார். தலைவரும் பிரமுகர்களும் பேசி முடித்த பிறகுதான் பந்தி என்றால் அவர் வரமாட்டார். சோறு வெந்ததும் பந்தி, பேச்சு அப்புறம். மிச்சத்தை வாளியில் யாருக்கும் கொடுக்க முடியாது.

போன வருடம் செய்தவரைவிட 400 வெள்ளி அதிகம் கேட்கிறார், இரண்டு ஆள் கூடுதலாக வேண்டுமாம். பொருளாளர் அந்த 400-ஐப் பார்க்கிறார். தலைவர் பேச்சைப் பின்னால் தள்ளுவதைப் பார்க்கிறார். கூட்டம் அடுத்த ஞாயிறு சாயங்காலம், நான் அண்டாக் கதையை மறுபடியும் எடுக்கப்போகிறேன்.

கடை திங்கட்கிழமை விடுமுறை. காலைப் பசியாறல் ஏழு முதல் ஒன்பதரை வரை, சாப்பாடு பதினொன்றரைக்கு. கார்டு வாங்குவதில்லை, கைப்பேசிப் பணமும் ரொக்கமும் மட்டும்.